ஸல்ஹா போனுக்குச் சொன்னது

மாட்டைத் தொடுவதற்கு முன் தனஞ்சயன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவார். பிறகு மாட்டின் இடப்பக்கமாகப் போய், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் வலக்கையை முட்டியாக மடித்து அழுத்துவார். கண்களை மூடிக்கொள்வார். இடக்கைப் பெருவிரல் மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கத் தொடங்கும். பன்னிரண்டு கணு, ஐந்து சுற்றுச் சுற்றினால் ஒரு நிமிடம். உள்ளே இரைப்பை ஒருமுறை புரண்டு அவருடைய முட்டியை வெளியே தள்ளும். பாயில் யாரோ திரும்பிப் படுப்பது போல இருக்கும் அது. இரண்டு நிமிடத்தில் மூன்று தடவை தள்ளினால் மாட்டுக்கு ஒன்றுமில்லை. ஒரு தடவைகூடத் தள்ளாவிட்டால் கண்ணைத் திறந்து, மாட்டை விட்டுவிட்டு, மாட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார்.

அந்த இரண்டு நிமிடமும் யாரும் கதைக்கக் கூடாது. அதனால் கிண்ணியாவில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு: மாட்டுச் சேர் என்னவோ ஓதுகிறார் என்று. நாற்பது எருமை வைத்திருக்கிற, ஊரார் அண்ணன் முறையில் 'காக்கா' என்கிற ஹிஸ்புல்லா ஒருநாள் கேட்டே விட்டார்.

"சேர், எங்கட ஆக்கள் ஓதினா ஊதியும் விடுவாங்க. நீங்க ஊதுறதக் காணல்லயே."

"ஊதுறதுக்குத்தான் நீங்கள் நிக்கிறீங்களே காக்கா" என்றார் தனஞ்சயன். ஹிஸ்புல்லாவின் விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

தனஞ்சயனுடைய பதவியின் பெயர் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர். அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் மாடு கன்று போட்டுவிடும் என்று அவரே சொல்வார். ஊரில் "மாட்டுச் சேர்" போதும். சாம்பல்தீவில் வீடு. காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால், நகரத்தைத் தாண்டி, துறைமுகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது ஏழேமுக்கால். இருபத்திரண்டு வருடமாக அதே பாதை. பேராதனைக்குப் போய் மிருக வைத்தியம் படிக்க விரும்பியவர். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி சற்றே தள்ளிவிட்டது. அந்தக் குறை அவரிடம் கசப்பாகத் தங்கவில்லை, கேள்விகளாகத் தங்கியது. மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் ஊசிகளோடு தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியும் கிடக்கும். அதில் இதுவரை யாரும் பதில் சொல்லாத கேள்விகளை எழுதி வைத்திருந்தார். கறக்கிறவர் புதுச் சாரம் கட்டிக்கொண்டு வந்தால் எருமை ஏன் பாலை அடக்குகிறது? கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் பிறக்கிற கன்றுகள் ஏன் முரடாக இருக்கின்றன, அல்லது அப்படி எனக்குத்தான் தோன்றுகிறதா?

ஆகவே மிருக வைத்தியர் சுலோஜனா போன வருடம் ஒருநாள் அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, ஒரு பல்கலைக்கழகத் திட்டத்திலிருந்து செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று பரீட்சார்த்தமாக வருகிறது என்று சொன்னபோது, மற்றவர்கள் கதிரையில் பின்னால் சாய்ந்தார்கள். தனஞ்சயன் முன்னால் சாய்ந்தார்.

செயலியின் பெயர் 'துணை'. மாடு வைத்திருப்பவர் போனைப் பிடித்துத் தமிழில் பேசினால் ஒரு பெண்குரல் திருப்பிக் கேள்வி கேட்கும். பேசி முடிந்ததும் சுருக்கம் ஒன்று டொக்டரின் கணினிக்கு வந்து சேரும். மருந்து சொல்லாது. "எங்கட வேலைய அது செய்யப்போறதில்ல" என்று சுலோஜனா இரண்டு தடவை சொன்னார். ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. ஆனால் எல்லோர் மனதிலும் அது இருந்தது.

தனஞ்சயன் அன்று பின்னேரமே அதைச் சோதித்துப் பார்த்தார். இல்லாத ஒரு பசுவைக் கற்பனை செய்துகொண்டு, "மாடு அசை போடுதில்ல, படுத்தா எழும்ப ஏலாமக் கிடக்கு" என்றார். எப்போதிருந்து என்று கேட்டது. சொன்னார். கடைசியாக எப்போது சாணம் போட்டது என்று கேட்டது. அதையும் சொன்னார். அது ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்கிறது, பதில் வரும்வரை பேசாமல் இருக்கிறது என்பதைக் கவனித்தார். அவரோ இருபத்திரண்டு வருடமாக மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டு, கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக அது ஒன்று சொன்னது: "வீட்டில் ஏதாவது கொடுத்திருந்தால் சொல்லுங்கள். உங்களைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை." அந்த வசனத்தை அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார். தன் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததே இல்லை என்று பட்டது.

பிறகு எருமையின் சாரக் கேள்வியைக் கேட்டார். "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நீங்கள் கவனித்ததை இன்னும் சொல்லுங்கள்" என்றது. தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஒன்றோடு பழகலாம் என்று நினைத்தார்.

ஊரில் அது பலவிதமாகப் போய்ச் சேர்ந்தது. ஹிஸ்புல்லா அதை ஒரு சாட்சியாக வைத்துக்கொண்டார். தனஞ்சயன் எதைச் சொன்னாலும் போனை நீட்டுவார். "சேர், நீங்க மருந்து மூணு நாளைக்குங்கிறீங்க. இது டொக்டருக்கிட்டக் கேளுங்கிது. டொக்டருக்கிட்டக் கேட்டா உங்களுக்கிட்டக் கேளுங்கிறாங்க. ஆகக் கடைசியில மாட்டுக்கிட்டத்தான் கேக்கணும்போல."

கிண்ணியாவுக்கு அந்தப் பக்கம், வயலோரத்தில் இருக்கிற ஸல்ஹா அதற்குப் 'போன்புள்ள' என்று பெயர் வைத்தாள்.

ஸல்ஹாவுக்கு முப்பது வயது இருக்கும். கணவன் அப்ராஸுக்குத் துறைமுகத்தடி ஆலையொன்றில் இரவு பகல் மாறி வரும் முறை வேலை. வீட்டில் அவளும் மாமியும். ஒரே ஒரு பசு, செம்பி. அது அப்போது ஏழு மாதச் சினை, தலைக்கன்று. அந்தப் பசுவை நம்பித்தான் அவள் தையலை விட்டிருந்தாள்.

தனஞ்சயன் நான்கு வருடமாக ஊர் ஊராகப் போய் யூரியா வைக்கோல் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். புல் கருகுகிற மாதங்களில் வைக்கோலுக்கு அளவாக யூரியாக் கரைசல் தெளித்து, காற்றுப் போகாமல் மூன்று கிழமை மூடி வைத்தால் அது நல்ல தீனாகும். ஆனால் வயலுக்குப் போடுகிற உரத்தை மாட்டுக்குக் கொடுப்பதா என்று சனம் பின்வாங்கியது. முதலில் துணிந்தவள் ஸல்ஹா. அவளுடைய வளவிலேயே வகுப்பு வைத்தார்கள். வாசற் படலையில் 'மாதிரிப் பண்ணை' என்று பலகை அடித்து, கீழே டொக்டரின் பெயரும் தனஞ்சயனின் பெயரும் எழுதினார்கள். அதைப் பார்த்து இன்னும் பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள். 'துணை'யைப் பற்றிய வகுப்பும் அங்கேதான் நடந்தது. பேசுவதெல்லாம் சுருக்கமாக அலுவலகத்துக்கு வரும் என்று டொக்டர் சொன்ன நேரத்தில் தேநீர்த் தட்டு வந்தது.

மாமிக்கு மட்டும் இதில் எதுவும் பிடிக்கவில்லை. "மாட்டுக்கு உரத்தத் தின்னக் குடுக்கிற ஆக்கள நான் இப்பதான் பாக்கிறன்" என்று வகுப்புக்கு வந்தவர்களுக்கும் சொல்லி அனுப்பினார்.

ஆனி மாதத்தில் ஒரு காலை. தனஞ்சயன் பாலத்தில் ஏறியபோது போன் அடித்தது.

"சேர், செம்பி நடுங்குது. வாயில நுரை தள்ளுது. சுறுக்கா வாங்க."

போய்ச் சேர்ந்தபோது எட்டாகிவிட்டது. செம்பி முன்னங்கால்களை அகட்டி நின்றது. காது துடித்தது, தோல் அலை அலையாகச் சிலிர்த்தது, நுரை கயிறாகத் தொங்கியது. இடப்பக்கம் ஊதி மேடாக இருந்தது. கடிகாரத்தைக் கழற்றாமலே முட்டியை வைத்தார். பள்ளமே இல்லை, தோல்மேளம் போல இறுகிக் கிடந்தது. உள்ளே யாரும் திரும்பிப் படுக்கவில்லை.

ஸல்ஹாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன குடுத்தது?"

"ஒண்டுமில்ல சேர். காலையில கொஞ்சம் வைக்கோல். அவ்வளவுதான்."

"வேற? தண்ணி? மிச்சச் சாப்பாடு? ஆரும் மருந்து பருக்கினவையோ?" மூன்று கேள்வி, ஒரே மூச்சில்.

"இல்ல சேர்."

மாமி வேலிப்பக்கம் கையை நீட்டினார். "நேத்து அந்த வயலுக்கு மருந்தடிச்சாங்க சேர். வரம்புப் புல்லுல வாய வெச்சிரிக்கும். நான் சொன்னன், கயிற்றக் கட்டையாக் கட்டு எண்டு. ஆரு கேக்கிற?"

ஸல்ஹா மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

நடுக்கம், நுரை, பக்கத்தில் பூச்சிமருந்து அடித்த வயல். எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டின. பூச்சிமருந்து நஞ்சுக்கு அட்ரோபின் ஊசி. கண்மணியைப் பார்த்தார்; சுருங்கியிருக்கிறதா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, மாடு தலையை ஒரு இடத்தில் வைக்கவில்லை. பெட்டியைத் திறந்து மருந்தை ஊசியில் ஏற்றினார். டொக்டரைக் கேட்காமல் அதைப் போடுவதில்லை. தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டார்.

"தனஞ்சயன், போட்டிட்டீங்களோ?" சுலோஜனாவின் குரல் ஓடி வந்தது போல இருந்தது.

"இன்னும் இல்ல டொக்டர். கையில இருக்குது."

"போடாதேங்கோ. ஸல்ஹாட வீடுதானே? இப்பதான் கொம்பியூட்டரத் திறந்தனான். 'துணை'யில வந்திருக்குது. வாசிக்கிறன். 'யூரியாக் கரைசல், பத்து லீற்றர் வாளி, ஏறக்குறையப் பாதி குடித்துவிட்டது, ஏழு மணியளவில்.' கேக்குதோ?"

தனஞ்சயன் ஸல்ஹாவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே கேள்வியும் பதிலும் முடிந்துவிட்டன. மாமி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

அட்ரோபின் போட்டிருந்தால் ஏற்கெனவே நின்றுபோன வயிறு இன்னும் நின்றிருக்கும். ஊசியை மூடினார். யூரியா வயிற்றுக்குள் அமோனியாவாக மாறும்; அதை அடக்கப் புளிப்பு வேண்டும்.

"வயிறு ஊதிக் கிடக்குது. வினாகிரி வேணும்" என்றார். "போத்தல் காணாது. லீற்றர் கணக்கில. பிறகு குளிர்தண்ணி, எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு."

"வினாகிரியா?" என்றார் மாமி.

ஸல்ஹா கேட்கவே இல்லை. ஓடிவிட்டாள். இரண்டு வீடு தள்ளி நிப்றாஸ் இருந்தான். பாலத்தடியில் வண்டில் போட்டு மாங்காயும் வெரளிக்காயும் வினாகிரியில் ஊறப்போட்டு அச்சாறு விற்கிறவன். ஐந்து நிமிடத்தில் வினாகிரிக் கானைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் வர, ஸல்ஹா அவனுடைய ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"சேர், மாட்ட அச்சாறு போடப் போறீங்களா?"

"வாயை மூடிக்கொண்டு தலையைப் பிடி தம்பி."

"என்ட வாயா, மாட்டுட வாயா?"

தனஞ்சயன் றப்பர்க் குழாயை மெதுவாகத் தொண்டை வழியே இறக்கினார். நுனி இரைப்பைக்குள் போனதும் காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. அதோடு வந்தது அமோனியா நெடி. கண் எரிந்தது. நிப்றாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். போன் சொன்னதை மூக்கும் ஒத்துக்கொண்டது; அப்போதுதான் அவருக்கு இருந்த மிச்ச ஐயமும் போனது.

வினாகிரியையும் ஐஸ் தண்ணீரையும் கலந்து புனலால் ஊற்றினார்கள். ஒரு வாளி, இரண்டு வாளி. செம்பி ஒருமுறை முழங்காலில் விழுந்தது. நான்கு பேரும் தோள் கொடுத்து நிமிர்த்தினார்கள். ஸல்ஹா அதன் காதுக்குள் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு மணித்தியாலம் கழித்து நடுக்கம் தோளிலிருந்து இறங்கித் தொடையில் மட்டும் நின்றது. பத்தரை மணிக்கு அதுவும் நின்றது. தனஞ்சயன் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டு, முட்டியை வைத்துக் கண்ணை மூடினார். பெருவிரல் ஏழாவது சுற்றில் இருந்தபோது உள்ளே ஒன்று மெதுவாகப் புரண்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாமி, தனஞ்சயன் வாய் திறப்பதற்கு முன்பே.

அன்று ஸல்ஹாவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நான்கு நாள் கழித்து. அதற்குள் அவளே ஒரு காரியம் செய்திருந்தாள். மாமி வயல்காரரோடு சண்டைக்குப் புறப்பட்டபோது படலையில் வழிமறித்து உண்மையைச் சொல்லிவிட்டாள்: வைக்கோலுக்குத் தெளிக்கக் கரைத்து வைத்த வாளியை மாட்டுக்கு எட்டுகிற இடத்தில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனது தான்தான் என்று. மாமி இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வாளிக்கு மூடி வாங்கிக்கொண்டு வந்தார்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?" என்று தனஞ்சயன் கேட்டார். கோபமில்லை, கொப்பிக் கேள்விகளைக் கேட்கிற குரல்தான்.

ஸல்ஹா படலைப் பலகையைப் பார்த்தாள். "யூரியாவாலதான் மாடு செத்தெண்டு வந்தா இந்த ஊருல இனி ஒருத்தரும் உங்கட வகுப்புக்கு வரமாட்டாங்க. நாலு வருஷம் நீங்க அலைஞ்ச அலைச்சல். அத என்ட வாயால எப்பிடிச் சொல்ற?"

"மாடு செத்திருந்தா?"

"அதான் சேர் நானும் நெனச்சி நெனச்சி..." என்று நிறுத்தினாள்.

"அப்ப போனுக்கு மட்டும் எப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அது போன்புள்ள தானே. அதுக்கு முகமா இரிக்கி? அது ஆருக்கிட்டயும் சொல்லாதெண்டு நெனச்சன்."

அந்தப் பதில் தனஞ்சயனை விட்டுப் போகவில்லை. அலுவலகத்தில் சுலோஜனாவோடு அதைப் பற்றி வாதாடினார்.

"டொக்டர், சனம் எனக்குச் சொல்லாததை அதுக்குச் சொல்லுது. ஏனெண்டா அது வெளியில சொல்லாது எண்டு நம்புது. அது எங்களுக்குச் சொல்லுறது தெரிஞ்சா வாயைத் திறக்காது."

"அதுக்காக மறைச்சு வைக்கிறதோ? அது ஏமாத்து வேலை. கேட்டா அது உண்மையைத்தான் சொல்லும், அப்பிடித்தான் செய்திருக்கிறாங்கள்."

"ஆர் டொக்டர் கேக்கப் போகினம்? மாடு நடுங்கிக்கொண்டு நிக்கேக்க, நீ இதை ஆருக்குச் சொல்லுவாய் எண்டு போனைக் கேக்கிற ஆள் இருக்குமோ?"

தனஞ்சயன் அந்தக் கேள்வியைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

ஆவணியில் செம்பி கன்று போட்டது. பெண்கன்று, நெற்றியில் வெள்ளை. அதற்குப் பிறகு வந்த வகுப்புகளில், ஸல்ஹாவிடம் அனுமதி கேட்டு, தனஞ்சயன் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். கரைசல் வாளியை மாடு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது முதற்பாடம். என்ன நடந்தாலும் எனக்கு நேரே சொல்லுங்கோ, நான் குறை நினைக்க மாட்டன் என்பது இரண்டாவது. அவள் போன் இரகசியம் காக்கும் என்று நம்பியதைச் சொல்லும்போது பெண்கள் சிரிப்பார்கள். ஸல்ஹா இருந்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒருதரம்கூட அவள் அந்தக் கதையைத் திருத்தவில்லை.

மார்கழியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வேலை வந்தது. இந்தப் பக்கத்துப் பேச்சைச் செயலி சரியாக விளங்கிக்கொள்கிறதா என்று பார்க்க, வந்த உரையாடல்களை யாராவது வாசித்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். பேசியவர்களின் சம்மதமும் வாங்க வேண்டும். தனஞ்சயன் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். ஸல்ஹா தாளை வாங்கி, நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாள். அதுவரை அலுவலகத்தில் யாரும் சுருக்கங்களைத் தவிர வேறு எதையும் திறந்து பார்த்ததில்லை.

தனஞ்சயன் வாசிக்க உட்கார்ந்தபோது, ஆனி மாதத்து அந்தக் காலை முழுதாக அந்த உரையாடல்களில் இருந்தது, நிமிடக் கணக்கோடு. ஏழு நாற்பத்தாறுக்கு ஸல்ஹா மாடு நடுங்குகிறது என்கிறாள். வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா என்று குரல் கேட்கிறது. ஏழு நாற்பத்தேழுக்கு அவள் திருப்பிக் கேட்கிறாள்:

"இத நான் சொன்னா மாட்டுச் சேருக்குப் போகுமா?"

"ஓம். நீங்கள் சொல்வதை உங்கள் மிருக வைத்தியர் அலுவலகம் பார்க்கும். மாட்டுச் சேரும் அறிவார்."

அதற்குப் பிறகு நான்கு நிமிடம் ஒன்றும் இல்லை. ஏழு ஐம்பத்தொன்றுக்குத்தான் வாளியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.